பீரோ இறங்கும்போது பேசுகிறவர்

வாய்மொழித் தேர்வு பதினொரு மணிக்கு. அவள் ஒன்பதரைக்கே வந்து இரண்டாம் மாடிக் கூட்ட அறையின் வாசலில் நின்றுவிட்டாள். ஏழு வருடம் பொறுத்தவளுக்கு ஒன்றரை மணி நேரம் எம்மாத்திரம் என்று நமக்குத் தோன்றும். நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வேட்டை முடிக்க அவளுக்கு மூன்று முறை காலநீட்டிப்புக் கொடுத்தாகிவிட்டது. நான்காவது கிடையாது என்று அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. இன்று தேர்வாளர் சரி என்றால் அவள் முனைவர். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஏழு வருடமும் ஆற்றில் கரைத்த புளி.

கூட வந்திருந்த அம்மா தாழ்வாரத்துப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் என்ன படிக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி மாளாதவள் அவள். "மனுஷங்களைப் பத்திப் படிக்கிறா" என்றால், "ஏன், நாமெல்லாம் பார்க்காத மனுஷங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மானிடவியல் என்று சொல்லிப் பார்த்தாள். அது ஏதோ நோய்க்கு வைத்தியம் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துக்கொண்டு தன் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள். கடைசியில் மருமகன்தான் உண்மையை உடைத்தார்: "அத்தை, உங்க பொண்ணு ஏழு வருஷமா மத்தவங்க பீரோ தூக்கறதை வேடிக்கை பார்க்கிறா. அதுக்குப் பட்டம் தர்றாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதில் பொய் எதுவும் இல்லை.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் ஐந்து பேர் கொண்ட கூட்டம் ஒன்று. ஒரு லாரி, நாலு கயிறு, பழைய கம்பளிகள். அவர்களோடுதான் அவள் ஏழு வருடம் மாடிப்படி மாடிப்படியாக ஏறி இறங்கினாள். நால்வர் தூக்குவார்கள். அவர்களில் நெட்டையாக இருப்பவருக்கு ஒட்டகம் என்று பெயர், குட்டையாக இருப்பவருக்குக் கட்டை. மற்ற இருவரும் அண்ணன் தம்பி என்பதால் பெரியவன், சின்னவன் என்பதோடு சரி. ஐந்தாவது ஆள் எதையும் தொடமாட்டார். நால்வருக்கும் முன்னால் இரண்டு படி கீழே, பாதி திரும்பி நின்று, இறங்கிக்கொண்டே பேசுவார். மச்சானைப் பற்றி, மழையைப் பற்றி, பல்வலியைப் பற்றி. பேச்சுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. கூட்டத்துக்கே தலைவர் அவர்தான். பெயர் ரேடியோ.

போகும் வீடெல்லாம் ரேடியோவுக்குத் திட்டு விழும். "அஞ்சு பேர்னு சொல்லிட்டு நாலு பேர்தான் தூக்கறீங்க. இந்த ஆளுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுது!" என்று வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். ரேடியோ அதற்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே இறங்குவார்.

முதல் வருடம் அவளும் அப்படித்தான் நினைத்தாள். களைப்புத் தெரியாமல் இருக்கப் பேசுகிறார் என்று நோட்டில் எழுதிவைத்தாள். பிறகு ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டே வந்தாள். ரேடியோவின் பேச்சு சட்டென்று நின்றது. பீரோ நின்றது. எட்டுக் கால்களும் அந்தந்தப் படியிலேயே நின்றன. அவள் மட்டும் நடந்தாள். பீரோவின் விளிம்பு நெற்றியில் பட்டு, புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், கீழே திருப்பத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

யாரும் நில் என்று சொல்லவில்லை. தூக்குகிற யாருக்கும் அந்தப் பிள்ளை தெரியவும் இல்லை. கீழ்முனையைப் பிடித்திருப்பவர்கள் பின்பக்கமாக இறங்குகிறார்கள், அவர்களுக்குத் தெரிவதெல்லாம் இரும்புதான். மேல்முனைக்காரர்களுக்கும் அதே இரும்புதான். பிறகு எப்படி நான்கு பேரும் ஒரே நொடியில் நின்றார்கள்?

ரேடியோவிடமே கேட்டாள். "நீங்க பேச்சை நிறுத்தினதாலயா அண்ணே நின்னாங்க?"

"நான் எப்பம்மா பேச்சை நிறுத்தினேன்?" என்றார் அவர். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. மற்ற நால்வருக்கும் தெரியவில்லை. மூச்சு விடுவதை யாராவது கவனிப்பார்களா? அவள் மறுபடி மறுபடி பார்த்து, எழுதி, ஐந்தாறு மாதம் கழித்து அவர்களிடம் சொன்னபோது, கட்டை வாயைப் பிளந்தார். "அட ஆமால்ல! அண்ணன் வாயை மூடினா நம்ம காலு நின்னுடுது!"

அவளுடைய ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நின்றது. ரேடியோவின் பேச்சுதான் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பேச்சு அறுந்தால் நில். அவர் வெட்டிப் பேச்சுப் பேசவில்லை. அந்த ஐந்து பேரில் கடினமான வேலை அவருடையதுதான்.

அங்கேதான் அவள் கோட்டை விட்டாள்.

ஏழு வருடமும் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். நூற்று நாற்பது பீரோக்கள் இறங்கியது அத்தனையும் பதிவாகியிருந்தது. கடைசி அத்தியாயத்துக்காக மௌனங்களின் நீளத்தை அளக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மௌனமே இல்லை. ரேடியோ மூச்சே விடாமல் பேசுகிற மாதிரி பேச்சுக்குப் பின் பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது. கருவியைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு குட்டிப் பொத்தான். ஓசை வந்தால் மட்டும் பதிவாகும், ஓசை நின்றால் கருவியும் நின்றுவிடும். முதல் வாரத்தில் பேட்டரி மிச்சமாகட்டும் என்று அவளே தள்ளிவிட்ட பொத்தான் அது.

மௌனத்தை ஆராயப் போனவள் மௌனத்தை விழுங்கும் கருவியோடு போயிருக்கிறாள். இப்படி ஒரு தவறை ஒரு திருடன் செய்யமாட்டான், ஒரு தையல்காரர் செய்யமாட்டார். மனிதர்கள் வாயைத் திறந்தால் குறித்துக்கொள்ளவும் மூடினால் பேனாவை மூடவும் பழகிய மானிடவியல்காரர்தான் செய்வார். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

வழிகாட்டியாக இருந்த பேராசிரியை நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். "இதை எழுதாதம்மா. அவங்களா கேட்டா பார்த்துக்கலாம்" என்றார். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பின்னிணைப்பில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், தன் முட்டாள்தனத்தை ஒரு பத்தியில் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டாள்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. துறைத்தலைவர் நடுவில், வழிகாட்டி இடதுபக்கம், வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் வலதுபக்கம். மனிதர் கறார் என்று பெயரெடுத்தவர். இதுவரை நான்கு ஆய்வேடுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பழைய கைக்கடிகாரம். அவளுடைய ஆய்வேட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் தாள் செருகி வைத்திருந்தார். எந்தப் பக்கம் என்று அவளுக்கு எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது.

அவள் அரைமணி நேரம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். நடுவில் கதவைத் தள்ளிக்கொண்டு ஐந்து பேர் வந்து கடைசிப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மரியாதைக்கு அழைத்திருந்தாள், வருவார்கள் என்று நினைக்கவில்லை. மதியம் வேறு வேலை இருந்ததால் தோளில் கயிறோடேயே வந்திருந்தார்கள். ஒட்டகத்தின் முழங்கால் முன் பெஞ்சில் இடித்தது. மாணவர்களோடு உள்ளே வந்து உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்து, ஓஹோ இவர்கள்தானா அந்த மனுஷர்கள் என்பதுபோலத் தலையசைத்தாள்.

தேர்வாளர் செருகியிருந்த தாளை எடுத்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம். உங்க கருவியில மௌனம் பதிவாகலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க ஐயா."

"மொத்த ஆய்வும் மௌனத்தைப் பத்தி."

"ஆமாங்க ஐயா."

"அப்போ உங்ககிட்ட என்ன இருக்கு?"

"கள நோட்டு இருக்குங்க. நூத்தி நாற்பது இறக்கத்துல இருநூத்தி ஆறு நிறுத்தம். ஒவ்வொண்ணும் தேதியோட."

"நோட்டுல நீங்க நம்பினதை எழுதியிருப்பீங்க. நாலு பேர் சுமை தூக்கறாங்க, ஒருத்தர் அரட்டை அடிக்கிறார். தடை வந்தா அரட்டையும் நிக்கும், காலும் நிக்கும். ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டது நீங்க. நமக்கு இது ஒரு வியாதிம்மா. எவனாவது தலையைச் சொறிஞ்சாக்கூட அதுல அர்த்தம் தேடுவோம்."

அறையில் யாரோ சிரித்தார்கள். வழிகாட்டி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் அவளைக் காப்பாற்றியது என்று சொல்லவேண்டும்.

"ஐயா, மௌனம் பதிவாகலை. ஆனா மௌனம் வந்துடக் கூடாதுன்னு அவர் பட்ட பாடு பதிவாகியிருக்கு."

தேர்வாளர் நிமிர்ந்தார்.

"அவருக்கு இருமல் வந்தா, இருமறதுக்கு முன்னாடி 'இருமல் வருது' அப்படின்னு சொல்றார். தும்மல் வந்தா 'தும்மப் போறேன்' அப்படின்னு சொல்றார். பேச விஷயம் தீர்ந்துபோனா ஒண்ணு ரெண்டு எண்ணறார். நூத்தி நாற்பது பதிவுல அறுபத்து மூணு தடவை இருமலுக்கு முன்னறிவிப்பு இருக்கு. அத்தனையும் படியில. சமதரையில ஒரு தடவைகூட இல்லை. லாரிகிட்ட நின்னு டீ குடிக்கும்போது அவர் பாட்டுக்கு இருமறார், யார்கிட்டயும் சொல்றதில்லை. அரட்டை அடிக்கிறவர் எதுக்கு ஐயா இருமறதுக்கு அனுமதி கேக்கணும்?"

கடைசிப் பெஞ்சில் கட்டை ரேடியோவின் விலாவில் இடித்தார். ரேடியோ தன் வாழ்க்கையில் முதன்முறையாகச் சொல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தான் இருமலுக்கு முன்னறிவிப்புக் கொடுப்பது அவருக்கே அன்றுதான் தெரியும்.

தேர்வாளர் பேனாவால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். "கெட்டிக்காரத்தனமான வாதம். வாதம்னுதான் சொல்றேன். பேசறவருக்கு அப்படி ஒரு பழக்கம்னு காட்டிட்டீங்க. தூக்கறவங்க கால் அதைக் கேட்டுத்தான் நிக்குதுன்னு இன்னும் காட்டலையே."

அவர் சொன்னது நியாயம். அவளுக்கே அது தெரிந்ததால்தான் இன்னும் வலித்தது.

பொது வாய்மொழித் தேர்வு என்றால் பார்க்க வந்தவர்களும் கேள்வி கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. வழக்கமாக யாரும் கேட்பதில்லை, எப்போது டீ வரும் என்று கதவைத்தான் பார்ப்பார்கள். துறைத்தலைவரும் சம்பிரதாயத்துக்கு, "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். பின்னால் ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. ரேடியோ எழுந்து நின்றார்.

"ஐயா, நாங்க படிச்சவங்க இல்லை. ஒரே ஒரு கேள்வி. இந்தம்மா சொல்றது நிஜமா பொய்யான்னு உங்களுக்கு எப்படித் தெரியணும்? பேசிப் பேசியா? இதோ மூலையில ஒரு பீரோ நிக்குது. வெளியே படி இருக்கு. நாங்க அஞ்சு பேரும் வந்திருக்கோம்."

அவள் பதறிப்போனாள். "அண்ணே, வேணாம். நீங்க பார்க்க வந்தவங்க. உங்களை வச்சு வித்தை காட்டறதுக்கு நான் கூப்பிடலை."

"வித்தையா? வேலையைத்தானேம்மா காட்டப்போறோம்" என்றார் ரேடியோ.

இந்த இடத்தில் துறைத்தலைவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பீரோவைத் தரைத்தளத்துக்கு இறக்கவேண்டும் என்று அவர் அலுவலகத்துக்கு ஒரு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "விதிப்படி தடையில்லைன்னு நினைக்கிறேன்" என்று உடனே சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் விதியை அவர் நினைத்த மாதிரி தெரியவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தேர்வாளர் யோசித்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "நான் சொல்றபடி செய்யணும். சம்மதமா?"

பத்து நிமிடத்தில் பழைய விடைத்தாள்களெல்லாம் தரையில் குவிந்தன. காலிப் பீரோ கம்பளியில் சுற்றிப் படுக்கவைக்கப்பட்டது. கீழ்முனையில் ஒட்டகமும் கட்டையும், மேல்முனையில் அண்ணனும் தம்பியும். ரேடியோ இரண்டு படி முன்னால். அவருக்குப் பக்கத்தில் தேர்வாளர். இரண்டாம் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் அனைவரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் நின்றாள். மகள் மட்டும் வழக்கம்போல பீரோவுக்குப் பின்னால் இறங்கினாள்.

முதல் பன்னிரண்டு படிக்குத் தேர்வாளர் போட்ட ஏற்பாடு இது: ரேடியோ பேச்சை நிறுத்தவே கூடாது. நடுவில் தேர்வாளரே நில் என்று குரல் கொடுப்பார். ரேடியோ தன் மச்சானின் கடன்காரர்களைப் பற்றி ஆரம்பித்தார். ஏழாவது படியில், "நில்லுங்க!" என்று தேர்வாளர் கத்தினார்.

ஒட்டகம் நின்றார். கட்டை ஒரு படி இறங்கி, "என்னாச்சு?" என்று திரும்பினார். மேலே அண்ணன் நின்றுவிட, தம்பி அரைப்படி வந்துவிட்டான். பீரோ ஒருபக்கம் சாய்ந்து, சுவரில் ஒரு முழ நீளத்துக்குச் சுண்ணாம்பைக் கீறிக்கொண்டு போனது. துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தம் போட்டா இப்படித்தான் ஐயா" என்றார் ரேடியோ. "மனுஷன் முதல்ல சத்தம் போட்டவனைத்தான் பார்ப்பான். அப்புறம்தான் தன் காலைப் பார்ப்பான்."

அடுத்த பன்னிரண்டு படி. இந்த முறை தேர்வாளர் தனக்கு இஷ்டமான படியில் ரேடியோவின் முழங்கையைத் தொடுவார், தொட்டால் அவர் பேச்சை நிறுத்தவேண்டும். தூக்குகிறவர்களுக்கு இரும்பைத் தவிர எதுவும் தெரியாது. மூன்றாவது படியில் தொட்டார். நின்றார்கள். எட்டுக் கால்களும், ஒரே அடியில். பீரோ ஒரு நூல்கூட அசையவில்லை. மறுபடி ஒன்பதாவது படியில், ஒரு சொல்லின் நடுவே தொட்டார். நின்றார்கள். ஏமாற்றுவதற்காகப் பத்தாவது படியிலேயே மறுபடி தொட்டார். நின்றார்கள்.

மேலே யாரோ கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. தேர்வாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் இன்னும் இளகவில்லை.

"இவங்களுக்கு இருபது வருஷப் பழக்கம்" என்றார் அவர், முதல் மாடியில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "சோதனைன்னும் தெரியும். பேச்சு நின்னா நிக்கணும்னு உங்க ஆய்வே இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்."

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. "அப்போ என் ஆய்வைப் படிச்சும் நம்பாத ஒருத்தர் தூக்கிப் பார்க்கட்டும் ஐயா."

வழிகாட்டி வாயில் கைவைத்துக்கொண்டார். தேர்வாளர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்தார்.

"கீழ்முனையே கொடுங்க. மேலே நின்னா வழி தெரிஞ்சாலும் தெரியும்."

"கீழ்முனை கனம் ஐயா" என்றார் ரேடியோ. கடைசியில் ஒட்டகத்துக்கும் கட்டைக்கும் நடுவில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். கனம் அவர்களிடம், விளிம்பு அவரிடம். அவர் பின்பக்கமாக முதல் படியில் காலை வைத்துத் துழாவினார். முகம் இரும்பில் இடிக்காத குறை. ரேடியோ கீழே போய் நின்றுகொண்டு, இந்த முறை யாரும் தொடப்போவதில்லை, யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அதாவது ஐயா, என் மச்சான் ஒரு பழைய சோபா வாங்கினான். வாங்கி நடுவீட்டுல போட்டா, அது ராத்திரி பகல் பார்க்காம முனகுது. மச்சான் சொல்றான், ஸ்பிரிங் போயிடுச்சு. அக்கா சொல்றா, இல்லடா, இது உயிரோட இருக்கு. உட்கார்ந்தா முனகலை, எழுந்தா முனகுது..."

ஒன்று, இரண்டு, மூன்று. தேர்வாளரின் கால்கள் படியைத் தேடுவதை விட்டுவிட்டன. நான்கு, ஐந்து. அவர் மூச்சு சீரானது. ஆறு, ஏழு, எட்டு.

"...சரி, பிரிச்சே பார்த்துடுவோம்னு கத்திரிக்கோலை எடுத்தான் மச்சான். அக்கா கும்பிட்டுக்கிட்டு நிக்கிறா. அடித்துணியை ஒரு ஓரமா வெட்டி, கையை உள்ளே விட்டான் பாருங்க, உள்ளே..."

பேச்சு நின்றது.

பீரோ நின்றது. ஒன்பதாவது படியில் ஒட்டகம் நின்றார், கட்டை நின்றார், மேலே அண்ணன் தம்பி நின்றார்கள். தேர்வாளரின் வலது கால் பத்தாவது படிக்கு மேலே காற்றில் நின்றது.

"உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டார் தேர்வாளர்.

கீழே திருப்பத்தில் டீ கொண்டுவரும் அம்மாள், பன்னிரண்டு கண்ணாடி டம்ளர் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். இன்னும் மூன்று படி இறங்கியிருந்தால் தேர்வாளரின் முதுகு தட்டில் மோதியிருக்கும். இது யாரும் போட்ட ஏற்பாடு இல்லை. டீ நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

தேர்வாளர் குனிந்து, காற்றில் நின்ற தன் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலோ தன் இடுப்பில் மாட்டியிருப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"நான் ஏன் நின்னேன்?" என்றார்.

"எங்களுக்கு முன்னாடியே நின்னுட்டீங்க ஐயா" என்றார் ஒட்டகம், மரியாதையாக. "நல்ல கை உங்களுக்கு."

அவ்வளவுதான். மேலே கைப்பிடியோரம் நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடம் எழுதியும் பேசியும் ஏறாத விஷயம் எட்டுப் படியில் அந்த மனிதருக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தேர்வாளர் இன்னும் வாய் திறக்கவில்லை, ஆனாலும் தெரிந்தது.

டீ அம்மாள் கீழே இறங்கி வழிவிட்டார். பீரோவைத் திருப்பத்துத் தரையில் இறக்கி வைத்தார்கள். தேர்வாளர் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "படிவத்தை எடுத்துட்டு வாங்க" என்றார். "அறைக்குப் போய் எழுதலாமே" என்றார் துறைத்தலைவர். "எப்படிப் போறது? பீரோ வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார் தேர்வாளர். படிவம் கைமாறிக் கைமாறி மேலேயிருந்து வந்தது. கம்பளியை விலக்கி, பீரோவின் மேலேயே அதை வைத்து, நின்றபடியே எழுதினார். நான்கைந்து வரிதான். அழுத்தி எழுதியதில் இரும்புத் தகடு டொக் டொக்கென்றது.

எழுதியதைத் துறைத்தலைவரிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தார். "நீங்களே படிங்க. சத்தமா."

அவள் படித்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நடுவில் நிற்கவில்லை. "தேர்வாளர் கருத்து. குறையைத் தானே முன்வந்து எழுதிய ஆய்வாளரின் மற்ற வரிகளையும் நம்பலாம் என்று முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆய்வின் முடிவு உண்மை. இதை என் சொந்தக் காலால் சரிபார்த்துவிட்டேன். முனைவர் பட்டம் வழங்கத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்."

"என்னடி சொல்றார்?" என்று மேலேயிருந்து அம்மா கத்தினாள்.

"பாஸும்மா!"

"பாஸா? அப்போ அழாம சொல்லேன்டி!" என்று அழுதுகொண்டே சொன்னாள் அம்மா. பிறகு பக்கத்தில் நின்ற யாரோ முன்பின் தெரியாத மாணவியைப் பிடித்து, "என் பொண்ணு மனுஷங்களைப் பத்திப் படிச்சிருக்கா" என்றாள். யாரும் கேட்காமலே, தலை நிமிர்ந்து.

வழிகாட்டி படி இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். கட்டை விசிலடித்தார், துறைத்தலைவர் கண்டுகொள்ளவில்லை. ரேடியோ மட்டும் கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"வாய் மட்டும்தான் வேலை செய்யுதுன்னு இருபது வருஷமா திட்டு வாங்கினேன்" என்றார். "இனிமே எவனாவது சொல்லட்டும். டாக்டர் ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு சொல்றேன்."

டாக்டர். அந்தச் சொல்லை முதலில் சொன்னது அவர்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த இடம் மறுபடி நனைந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு படிக்கட்டில் அவள் நின்றதில்லை. இத்தனைக்கும் சாமான் தூக்காமல் படியில் நிற்பதில் அவளுக்கு ஏழு வருட அனுபவம் உண்டு.

"சரி சரி, எவ்வளவு நேரம் இரும்பை வழியில போட்டு வச்சிருக்கிறது?" என்றார் ரேடியோ, தொண்டையைச் செருமிக்கொண்டு. "டாக்டரம்மா, கொஞ்சம் ஒதுங்குங்க. இன்னும் பன்னிரண்டு படி இருக்கு. நீங்க எங்க ஐயா கைகழுவப் போறீங்க? ஓரத்தைப் பிடிங்க."

தேர்வாளர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒட்டகத்துக்கும் கட்டைக்கும் நடுவில் போய்ப் பீரோவைப் பிடித்தார்.